ஓராமுனையில் இரண்டு தொம்மை

சங்கு குளிக்கப் போய்க் கடலில் காணாமல் போன தொம்மை, அவனுக்காக முப்பதாம் நாள் பூசை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு, வாடகைக்கு எடுத்த அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பிற்பகலில், சரியாக மூன்று மணிக்கு, வள்ளங்கள் ஏற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரிலிருந்து எழுந்து நடந்து வந்து, சோறு மிச்சமிருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. அவனுடைய பூசைச் சோற்றையே அவனுக்குப் போட்டார்கள், அவனும் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். எட்டு நாள் கழித்து அதே மூன்று மணிக்கு அதே இடத்தில் இன்னொரு தொம்மை எழுந்து வந்து அதையே கேட்டான். அன்றைக்குச் சோறு இல்லை, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஓராமுனையில் நூற்றிருபது வீடு, ஒரு மாதா கோவில், ஒரு ஐஸ் பிளான்ட், ஒரு ஏலக்கூடம், தேரி மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்திய ஒரு பந்து மைதானம். ஒருவன் இரண்டாக வந்ததைப் பார்த்து அங்கே யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடல் எடுத்ததைக் கடல் திருப்பித் தரும், எப்போது தரும் என்பதும் எத்தனையாகத் தரும் என்பதும் அதன் இஷ்டம், அது கேட்டா நாம் கொடுத்தோம், நாம் கேட்டு வாங்குவதற்கு என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த பேச்சு, யார் யாரைக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது என்பதாக இருந்தது. முதலில் வந்தவனை முன்னவன் என்றும் பிறகு வந்தவனைப் பின்னவன் என்றும் ஊர் பிரித்துக்கொண்டது.

அவர்களாலேயே அவர்களைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் வலது புருவத்தில் அதே வெட்டு இருந்தது. இரண்டு பேர் உள்ளங்கையிலும் சங்கு கீறிய அதே தழும்பு. திருவிழாவில் பச்சை குத்திக்கொள்ளும்போது மழை வந்து பச்சை குத்துகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதால் ஒரு கை குட்டையாகிப் போன சிலுவை, இரண்டு பேர் முழங்கையிலும் ஒரே மாதிரிக் குட்டையாக இருந்தது. ரேஷன் கடை மெஷின் முன்னவன் விரலை வைத்தபோதும் தொம்மை என்று காட்டியது, பின்னவன் விரலை வைத்தபோதும் தொம்மை என்று காட்டி, இந்த மாதப் பொருள் வாங்கியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியது. தொம்மையின் தாய் செபஸ்தியம்மாள் இரண்டு தலையையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் என் பிள்ளதான், ஒண்ணு போச்சேன்னு அழுதேன், மாதா ரெண்டாக் குடுத்திருக்கா, இதுல உங்களுக்கு என்ன வழக்கு?" என்று கேட்டுவிட்டு இரட்டிப்பு மீன் வாங்கப் போனாள்.

ஆனால் கோவிலில் ஒரு வழக்கு இருந்தது. பூசை வைத்த அன்றே பங்குச் சாமியார் இறந்தவர் பதிவேட்டில் தொம்மையின் பேரை மையால் எழுதிவிட்டார். எழுதியதை அடிக்க ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வரவேண்டும், வரும்வரை அவன் செத்தவன், செத்தவன் பெண்டாட்டியோடு ஒரு வீட்டில் இருப்பது முறையல்ல என்று சொல்லி முன்னவனை ஏலக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வலைக் கொட்டகையில் தங்கச் சொல்லியிருந்தார். பின்னவன் வந்ததும் அவனுக்கும் அங்கேயே ஒரு பாய் விரித்தார்கள்.

இரண்டு பேரும் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்துச் சிலர் கொட்டகைப் பக்கம் அடிக்கடி போய் வந்தார்கள், ஏமாந்துதான் திரும்பினார்கள். ஒருவன் தொடங்கிய வலைக் கண்ணியை மற்றவன் முடித்தான், ஒருவன் பாதியில் விட்ட பீடியை மற்றவன் இழுத்தான், இருவரும் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஓராமுனைப் பந்து அணியில் வலது ஓரத்தில் ஒரு தொம்மையும் இடது ஓரத்தில் ஒரு தொம்மையும் ஓடி, பக்கத்து ஊரை ஐந்துக்கு ஒன்று என்று தோற்கடித்தபோது, மஞ்சள் அட்டையை எந்தத் தொம்மைக்குக் காட்டினோம் என்று நடுவருக்கே மறந்துவிட்டது, பக்கத்து ஊர்க்காரர்கள் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், எங்க வீட்டுக்காரரும் இப்படி ரெண்டா வந்தா ஒண்ணைக் கடைக்கு அனுப்பலாம் என்றும், வேண்டவே வேண்டாம் தாயி ஒண்ணையே தாங்க முடியல என்றும் சிரித்தார்கள். பத்து நாளில் அது ஊரின் வழக்கமாகிவிட்டது.

சிரிக்காமல் இருந்தவள் தொம்மையின் மனைவி எமல்டா ஒருத்திதான்.

எமல்டா சின்ன வயதில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்கடியில் பாசி எடுக்கப் போனவள். மூச்சை அதிக நேரம் பிடிக்கிற பெண்களைத் தேடி ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வந்தபோது அவள் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டி, முகத்துக்குக் கண்ணாடி போட்டு, தண்ணீருக்குள் எழுதுகிற பிளாஸ்டிக் பலகையையும் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு வருடமாகப் பவளப்பாறையில், ஊர்ப்பேச்சில் சொன்னால் பாரில், மீன் எண்ணுவது அவள் வேலை. ஐம்பது மீட்டர் டேப்பை விரித்து, அதன் மேலே மெதுவாக நீந்திப் போய், இந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், அந்தப் பக்கம் இரண்டரை மீட்டருக்குள் எந்த மீன் எத்தனை என்று எழுதவேண்டும். கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும். இறங்கிப் பார்த்தால் பாரில் பாதி மீன் இன்னொரு மீனைப் போலவே இருக்கும். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்டு முதுகில் நீளமாகக் கொடி விட்டுக்கொண்டு இரண்டு மீன் வரும், ஒன்றுக்கு வால் மஞ்சள், மற்றதற்கு வால் கறுப்பு, இரண்டுக்கும் உறவே கிடையாது. விரல் நீளத்தில் முதுகில் கறுப்புச் சேணம் போட்டுக்கொண்டு இரண்டு மீன் சேர்ந்தே திரியும், ஒன்று விஷமுள்ள பேத்தை, மற்றது பேத்தையைப் போல உடுத்திக்கொண்டு பிழைக்கிற கிளாத்தி. வாலுக்குக் கிட்ட குட்டையாக ஒரே ஒரு செட்டை, அதாவது துடுப்பு, ஆடினால் பேத்தை, முதுகில் பாதிவரை நீளச் செட்டை ஓடினால் கிளாத்தி. நிறத்தைப் பார்த்து எழுதுகிறவன் ஏமாறுவான், மீன் உடுத்தியிருப்பதைப் பார்க்காதே, அது என்ன செய்கிறது என்று பார் என்று எமல்டா புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். எது என்று தெரியாவிட்டால் பலகையில் படம் வரைந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியதே இல்லை.

இதனால் ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டாகியிருந்தது. தலையும் தோலும் எடுத்த பேத்தையைக் கிளாத்தி என்று நம்பி ஒரு வீட்டில் குழம்பு வைத்து, இரண்டு பேர் உதடு மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடத்திலிருந்து, சந்தேகமான மீன் எது வந்தாலும் ஏலக்கூடத்தில் ஈரச்சாக்கின்மேல் போட்டுவிட்டு எமல்டாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவள் வந்து பார்த்துப் பேரைச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. அவள் தெரியாது என்று சொன்னால் அந்த மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு தடவை தவறியும் இருக்கிறாள். பாரில் ஒரு சின்ன மீன் உண்டு, நீல உடம்பில் ஒரு கறுப்புக் கோடு, அதைத் துப்புரவு மீன் என்பாள். ஒரு பாறையை இடமாகப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடிக் கூப்பிடும், பெரிய கலவாயும் கிளிமீனும் வரிசையில் வந்து வாயைத் திறந்து நிற்கும், அது உள்ளே போய்ப் பல்லிடுக்கையும் செவுளையும் சுத்தம் செய்துவிட்டு வெளியே வரும். அதே நீலம், அதே கோடு, அதே ஆட்டத்தோடு இன்னொரு மீனும் உண்டு. அதற்கு வாய் முன்னால் இல்லை, தாடைக்கு அடியில் ஒளிந்திருக்கும், கிட்ட வந்த மீனின் சதையைக் கடித்துக்கொண்டு ஓடும். எமல்டா அதற்குக் கடியன் என்று பேர் வைத்திருந்தாள். இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால் வாய் எங்கே இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால் இரண்டு வருடம் கடியனையும் துப்புரவு மீன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தற்செயலாகச் சின்ன மீனை விட்டுவிட்டுக் கலவாயைப் பார்த்தாள். செட்டையைத் தளர்த்திப்போட்டுச் சொக்கி நின்ற கலவாய் திடீரென்று உடம்பு முழுக்க ஒரு தடவை உதறியது. அன்றைக்குத்தான் பிடிபட்டது. சந்தேகப்படுகிற மீனைப் பார்க்கக் கூடாது, அதன் பக்கத்தில் நிற்கிற மீனைப் பார்க்கவேண்டும். நிலையத்துக்குப் போய்ப் பழைய தாள்களில் எண்பத்து மூன்று இடத்தில் தன் எழுத்தை அடிக்கச் சொன்னாள். இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று கேட்ட அதிகாரி அம்மாவிடம், நான் கண்டுபிடித்துவிட்டேனே மேடம் என்றாள்.

ஆனால் இரண்டு தொம்மையையும் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்து அவள் தெரியாது என்றுதான் சொன்னாள். உண்மையாகவே தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தொம்மையைப் பற்றி ஊரில் ஒரே அபிப்பிராயம்தான், கோவக்காரன், மற்றபடி நல்லவன். கோவம் வந்தால் பாத்திரம் பறக்கும், கை நீளும், வந்த வேகத்தில் போய்விடும், மறுநாள் காலையில் அவனே போய்ப் புதுப் பாத்திரம் வாங்கி வருவான். எமல்டாவின் அடுப்படியில் ஒழுங்கான பாத்திரம் என்று ஒன்றிரண்டுதான் இருந்தன, மற்றதெல்லாம் ஏதாவதொரு பக்கம் நசுங்கியிருக்கும். அவன் காணாமல் போன முதல் வாரம் அவள் சோறு தண்ணியில்லாமல் அழுதாள், அதில் பொய்யில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில், ஒன்பது வயது மகள் நிஷாந்தி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தமாகப் பாடுவது காதில் விழுந்தது. தன் பிள்ளைக்குப் பாட வரும் என்பதே எமல்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனசு லேசாகிப் போனது, லேசாகிப் போனதற்காக வெட்கமாகவும் இருந்தது. அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அவள் சொல்லவில்லை.

மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. கஸ்பாரும் சாமியாரும் அதை எடுத்துக்கொண்டு எமல்டாவின் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏம்மா எமல்டா, தெரியாதுன்னு சொல்லியே இத்தன நாள் ஓட்டிட்ட. இனி ஓட்ட முடியாது பாத்துக்க" என்றார் கஸ்பார். "கொடியேத்தத்துக்கு முன்னால பதிவேட்டுல ஒருத்தரு பேர அடிக்கணும்னு எழுதியிருக்கு. ரெண்டு பேர அடிக்கக் கூடாதாம்."

"எழுதினது ஒரு பேருதான மாமா."

"பேரு ஒண்ணும்மா, ஆளு எதுன்னு சொல்லணும்" என்றார் சாமியார். "நீ யாரச் சொல்றியோ அவரு உயிரோட இருக்கிறவரு. உன் வீட்டுக்காரரு. அன்னைக்கே வீட்டுக்கு வந்துருவாரு. மத்தவர ஊரு பாத்துக்கும்."

"பெத்தவளுக்கே தெரியலயே சாமி."

"பெத்தவ வேண்டாம்னு சொல்லமாட்டா. நீ சொன்னா ஊரே ஒத்துக்கும். மீனுக்கு ஒத்துக்கிற ஊரு, இதுக்கு ஒத்துக்காதா?"

எமல்டா கடிதத்தை மடித்துச் சாமியார் கையிலேயே கொடுத்தாள். பிறகு, "மூணு ஞாயித்துக்கிழம வேணும்" என்றாள். "மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வரட்டும். ஒருத்தரு பன்னெண்டு மணிக்கு, ஒருத்தரு ஒரு மணிக்கு. கதவு தொறந்தே இருக்கும். ஒருவாட்டி பாத்துட்டு எழுதுற பழக்கம் எனக்குக் கெடையாது."

முதல் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னவன் வந்தான். எமல்டா அவன் உட்கார்ந்ததை, கை கழுவியதை, மீனில் முள் எடுத்ததை எல்லாம் பார்த்தாள். கருவேப்பிலையைத் தட்டின் இடது ஓரத்தில் ஒதுக்கினான், வால் துண்டைக் கேட்டு வாங்கினான். ஒரு மணிக்குப் பின்னவன் வந்தான். அவனும் கருவேப்பிலையை இடது ஓரத்தில்தான் ஒதுக்கினான், வால் துண்டைத்தான் கேட்டான். இரண்டு பேருமே பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அடக்கமாகச் சாப்பிட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை என்று அவள் அலுத்துப்போயிருந்தபோது, பின்னவன் அலமாரியின் மேல்தட்டிலிருந்த உப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினான். எதிரே உட்கார்ந்திருந்த நிஷாந்தியின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அவ்வளவுதான், அடுத்த நொடி பிள்ளை கண்ணைத் திறந்து சோற்றைப் பிசைந்தது, தனக்கு என்ன நடந்தது என்று அதற்கே தெரியாது. பன்னிரண்டு மணிக்கு முன்னவனும் இதே டப்பாவுக்கு இதே கையை இதே மாதிரித்தான் தூக்கினான், அப்போது பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டு வாயை மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்று முழுவதும் அவள் சந்தோஷமாக இருந்தாள். பின்னவன்தான் கடியன். வேஷம் போட்டு வந்தவனைப் பிள்ளை கண்டுகொண்டுவிட்டது, பிள்ளை பயப்படாத முன்னவன்தான் தன் புருஷன், கடல் அவனைக் கழுவி நல்லபடியாக அனுப்பியிருக்கிறது. இப்படி நினைத்து நினைத்து, இரண்டு ஞாயிறு காத்திருக்காமல் கஸ்பாரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூடப் புறப்பட்டாள். ஒரே ஒரு தடவை பார்த்தது என்று மனசு இடித்ததால் நின்றுவிட்டாள்.

மறுநாள் பார் இருக்கிற தீவுக்குத் தெற்கே டேப்பை விரித்து எண்ணிக்கொண்டு போகும்போது, முன்பு கலவாய் உதறிய அந்தப் பாறை வந்தது. ஆடிக்கொண்டிருந்தது கடியன் என்று அவளுக்கு இப்போதெல்லாம் தெரியும். கையளவு இளங்கலவாய் ஒன்று, அந்தப் பாருக்குப் புதிது போலிருக்கிறது, நேராக அதனிடம் வந்து செட்டையைத் தளர்த்தி வாயை முழுக்கத் திறந்து நின்றது. அது நடுங்கவில்லை, ஒதுங்கவில்லை. கடியன் ஒரு கடி கடித்தது. கலவாய் உதறிக்கொண்டு ஓடி, ஒரு பவளக் கொத்துக்குப் பின்னால் நின்று பார்த்தது. கொஞ்சநேரத்தில் உண்மையான துப்புரவு மீன் ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. அதைப் பார்த்தும் கலவாய் பின்வாங்கியது. எமல்டா டேப்பின் மேல் அப்படியே அசையாமல் நின்றாள், மூச்சுக்குமிழ்கள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. கடிபடாத மீன் கடியனைப் பார்த்தே நடுங்காது. முன்னால் கடிபட்ட மீன்தான் நடுங்கும். நிஷாந்தி நடுங்குவது தெரியாத ஒருவனைப் பார்த்து அல்ல, நன்றாகத் தெரிந்த ஒருவனைப் பார்த்து. பின்னவன்தான் தொம்மை. உப்பு டப்பாவுக்குக் கையைத் தூக்கிய முன்னவன் அந்தப் பிள்ளையின் மேல் வாழ்நாளில் கை வைத்திராதவன், ஏனென்றால் கடலிலிருந்து எழுந்து வருவதற்கு முன்னால் அவன் இருந்ததே இல்லை. கலவாய்க்குப் பிரிக்கத் தெரியாததை, அவளுக்கே தெரியாததை, பிள்ளையின் தோள் தெரிந்து வைத்திருந்தது.

அன்றைக்குப் பலகையில் அவள் எண்ணிக்கை எழுதவில்லை. முகக்கண்ணாடிக்குள் கண்ணீர் விட்டால் துடைக்க முடியாது, அப்படியே விட்டபடி மேலே வந்தாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் உப்பு டப்பாவை வேண்டுமென்றே மேல்தட்டில் வைத்தாள். முன்னவன் கையைத் தூக்கினான், ஒன்றுமில்லை. பின்னவன் கையைத் தூக்கினான், பிள்ளையின் கண் மூடியது. மூன்றாம் ஞாயிறு பின்னவன் எழுந்தபோது எமல்டா தன்னையே கவனித்தாள், அவளுடைய இடது கை தானாகப் போய்ச் சூடான குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. எத்தனை வருடமாக இதைச் செய்கிறோம் என்று அவளுக்கு நினைவில்லை.

இனி அவளுக்குச் சந்தேகம் தெரிவதில் இல்லை, சொல்வதில்தான் இருந்தது. முன்னவன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பிவிடும், ரேஷன் மெஷின் நம்பிவிடும், பிள்ளை பாடிக்கொண்டே இருக்கும். மீனில்கூடப் பொய் எழுதாதவள் பொய் சொல்லியிருப்பாள் என்று ஒரு ஆளும் நினைக்கமாட்டான். உண்மையைச் சொன்னால் நசுங்கிய பாத்திரங்களோடு பழைய வீடு திரும்பி வரும். பாசி எடுக்கப் போன காலத்தில் மூச்சு முட்டும்போது மேலே வருவதா இன்னும் ஒரு பிடி எடுப்பதா என்று தவிப்பாளே, அந்தத் தவிப்பு ஒரு வாரம் முழுக்க இருந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து ஊர் முழுக்கக் கோவில் முற்றத்தில் நின்றது. சாமியார் பதிவேட்டை ஒரு மேசைமேல் விரித்து வைத்திருந்தார். இரண்டு தொம்மையும் வெள்ளை வேட்டி கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். செபஸ்தியம்மாள் இருவருக்கும் நடுவில் நின்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் கஸ்பார்.

"ரெண்டாவது வந்தவருதான் தொம்மை" என்றாள் எமல்டா. "எனக்குச் சந்தேகமில்ல. அவருதான் என் வீட்டுக்காரரு, அவருதான் நிஷாந்திக்கு அப்பா."

முற்றம் மூச்சு விட்டது. சாமியார் பேனாவை எடுத்துப் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பின்னவன், இனி தொம்மை என்றே சொல்லலாம், முகம் மலர்ந்து ஒரு அடி முன்னால் வந்தான்.

"அப்போ கூட்டிட்டுப் போம்மா" என்றார் கஸ்பார்.

"இல்ல மாமா" என்றாள் எமல்டா. "எது எதுன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். எது என் வீட்டுக்கு வரணும்னு என்கிட்ட யாரும் கேக்கலயே."

கஸ்பாருக்கு விளங்கவில்லை. "அடையாளம் எப்படிக் கண்டுபிடிச்ச, அதையாவது சொல்லு" என்றார்.

"இவரு கையத் தூக்கினா பிள்ள கண்ண மூடுது மாமா. அவரு தூக்கினா மூடல. மூணு வாரம் பாத்துட்டேன்."

அதை அவள் மீன் பேர் சொல்லுகிற குரலிலேயே சொன்னாள். கோவக்காரன் மற்றபடி நல்லவன் என்று யாராவது சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. கூட்டத்தில் நாலைந்து பெண்கள் தங்கள் பக்கத்தில் நின்ற பிள்ளைகளைக் குனிந்து பார்த்தார்கள். தொம்மை தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையை ஏதோ அங்கே எழுதியிருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்ததுல இருந்து நான் அடிக்கலயே" என்றான்.

"அடிக்கல" என்றாள் எமல்டா.

"அவனும் அடிக்கல, நானும் அடிக்கல."

"அவரு எப்பவுமே அடிக்கல."

செபஸ்தியம்மாள் இரண்டு கைகளையும் விடாமல் அழுதாள், பிறகு பெற்ற மகனை மட்டும் இழுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். தனியாக நின்ற முன்னவன், "நானும் தொம்மைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னான். "அப்போ நான் யாரு?"

எமல்டா அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த முகத்தோடு ஒருவன் தன் வாசலில் ஏறினால் இன்னொருவன் முகம் கூடவே ஏறும் என்றும் தெரிந்தது. "பேரு தெரியாத மீன நான் கணக்குல இருந்து விடுறதில்ல" என்றாள். "படம் வரஞ்சு வச்சுருவேன். பேரு பின்னால வரும்."

பேர் கொடியேற்றத்தன்றே வந்தது. சாமியார் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி விக்தோர் என்று வைத்தார், கடலிலிருந்து வந்தவனுக்கு எதற்குத் தண்ணீர் என்று சிலர் சிரித்தார்கள். ஊர் அவனுக்கு வலைக் கொட்டகைக்குப் பின்னால் ஓலைபோட்டு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது, பந்து அணிக்கு இடது ஓரத்தில் ஆள் வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

திருவிழா முடிந்து இரண்டாவது வாரம் ஒரு மாலையில், வெயில் தாழ்ந்த நேரத்தில், தொம்மை எமல்டாவின் வாசலுக்கு வந்தான். படியில் ஏறவில்லை. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்திலேயே நின்றான்.

"சோறு வேண்டாம்" என்றான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

எமல்டா அடுப்படியிலிருந்து அசையவில்லை. கிணற்றடியில் பாட்டு நின்றது. நிஷாந்தி எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, அவனுக்கு இரண்டரை மீட்டர் தள்ளிப் படியில் வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொம்மை படிக்குக் கிட்ட வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னாலிருந்த வலது கையை மெதுவாக, மிக மெதுவாக, தரையோடு தரையாக முன்னால் கொண்டுவந்தான். டம்ளரை எடுத்தான். தண்ணீரைக் குடிக்க அந்தக் கை உயரே போனது.

பிள்ளையின் கண் திறந்தே இருந்தது.

எமல்டாவின் கை ஜன்னலில் மாட்டியிருந்த பலகைக்குப் போய், பென்சிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து அவள் எதையும் எழுதுவதில்லை.